அந்த 25 நிமிடம் என் டைரியில் இல்லை

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதங்களாக, இரவு படுக்கும் முன் ஒரு நோட்டில் அன்றைய நாளை எழுதி, "ஏன் இப்படி நடந்துகொண்டேன், என்னிடம் என்ன கோளாறு" என்று உங்களையே கேட்டுக்கொள்கிறீர்கள். இரண்டு நோட்டு தீர்ந்துவிட்டது. அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்யும் இளைஞரிடம் எரிந்து விழுவது குறையவில்லை. வீட்டில் அம்மாவிடம் காட்டும் சிடுசிடுப்பும் அப்படியே இருக்கிறது. குறைந்தது தூக்கம் மட்டும். தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதால் உண்மையில் பயன் உண்டா, பெரியவர்கள் சும்மா சொல்லிவைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் வழக்கில் குற்றவாளியும் நீங்கள், சாட்சியும் நீங்கள், நீதிபதியும் நீங்கள். அந்தச் சாட்சி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நான் மனநல மருத்துவர் அல்ல. தத்துவம் படித்தவளும் அல்ல. 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றவள். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், நான் செய்த தவறுகளைப் பத்துப் பேர் முன்னால் வரிசையாகச் சொல்லவேண்டிய கட்டாயம் என் தொழிலில் இருந்தது. அதே காலத்தில் வீட்டில் உங்களைப் போலவே டைரியும் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு, விரும்பி அல்ல, தற்செயலாக ஒருமுறை கிடைத்தது. அதைச் சொன்னால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

1990களின் பிற்பகுதி. இரவுப் பணி. இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகி, நஞ்சுக்கொடியும் முழுதாக வெளியே வந்துவிட்டது. நான் டியூட்டி அறைக்குப் போய், காலையில் வீட்டுக்கு அனுப்பவேண்டியவர்களின் கேஸ் ஷீட்டுகளை எழுத உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் ஆயா வந்து, "மேடம், சிஸ்டர் கூப்பிடுகிறார்கள், கொஞ்சம் அதிகமாகப் போகிறதாம்" என்றார். "இதோ வருகிறேன்" என்றேன். போனபோது கருப்பை சுருங்காமல் மாவு உருண்டை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. கட்டிலிலிருந்து வாளிக்குள் ரத்தம் சொட்டவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு நடந்தவை வழக்கமானவை: கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து, கையால் கருப்பையை அழுத்திப் பிடித்தல், ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புதல். நான்கு பாட்டில் ரத்தம் ஏறியது. கருப்பையை எடுக்க வேண்டிவரவில்லை. ஒன்பதாவது நாள் அந்தப் பெண் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்.

அன்று இரவே நான் டைரி எழுதினேன். இரண்டரைப் பக்கம். எனக்குத் திமிர் வந்துவிட்டது, நோயாளியை மனுஷியாகப் பார்ப்பதை மறந்துவிட்டேன், மருத்துவம் படிக்கும்போது இருந்த ஈரம் எங்கே போயிற்று என்றெல்லாம் எழுதியிருந்தேன். எழுதும்போது அழுதேன் என்றுகூட நினைவு. எழுதி முடித்ததும் மனம் லேசாகித் தூங்கிவிட்டேன். உங்களுக்குத் தூக்கம் போகிறது, எனக்கு வந்தது. அந்த வித்தியாசம் பெரிதல்ல.

எங்கள் துறைத் தலைவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவர்களின் கேஸ் ஷீட்டை மட்டுமல்லாமல், மயிரிழையில் பிழைத்தவர்களின் கேஸ் ஷீட்டையும் எடுத்துவைத்துச் சனிக்கிழமை மதியம் பேசச் சொல்வார். என் முறை வந்தது. "சிஸ்டர் அழைத்தவுடன் போனேன். சுமார் 600 மில்லி ரத்தம் போயிருந்தது" என்றேன். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. அப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். தலைவி ஒன்றும் பேசாமல் கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் நகர்த்தினார். சிஸ்டரின் கையெழுத்து. "2.10 – டாக்டருக்குத் தகவல். 2.35 – டாக்டர் வருகை." அதன் கீழே இன்னொரு வரி: நனைந்த துணிகளைக் குழந்தைகளை எடைபோடும் தராசில் வைத்து நிறுத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, 1,400 கிராம் என்று எழுதியிருந்தார். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. நான் சொன்னதற்கு இரண்டு மடங்குக்கு மேல்.

வீட்டுக்கு வந்து டைரியை மறுபடி படித்தேன். திமிர் இருந்தது, ஈரம் இருந்தது, கண்ணீர் இருந்தது. அந்த 25 நிமிடம் மட்டும் இல்லை. அதை மறைக்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக மறைத்திருக்க முடியாது. "நான் கெட்டவள்" என்ற பெரிய ஒப்புதலுக்குப் பின்னால், "அழைத்தபோது எழுந்து போகாமல் நான்கு டிஸ்சார்ஜ் ஷீட் எழுதி முடித்தேன்" என்ற சின்ன உண்மை வசதியாக ஒளிந்துகொண்டிருந்தது. முதலாவதை ஒப்புக்கொள்ள வலிக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு மறுநாள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதை ஒப்புக்கொண்டால் மறுநாளே ஒன்றை மாற்றவேண்டும்: கூப்பிட்டால் பேனாவை வைத்துவிட்டு எழ வேண்டும். மனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: தன்னைச் சோதிப்பதில் பயன் உண்டு. ஆனால் நீங்களும் நானும் இரவில் செய்துகொண்டிருந்தது சோதனை அல்ல. தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம், விசாரணை நடத்தாமல்.

இதில் எது உறுதியாகத் தெரிந்தது, எது இன்னும் சந்தேகத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது நல்லது. நம் செயலுக்கு நாம் சொல்லும் காரணங்களை அப்படியே நம்ப முடியாது என்பது உறுதியானவற்றில் ஒன்று. 1977ஆம் ஆண்டு நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வேடிக்கையான சோதனை வருகிறது. கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. வலது ஓரத்தில் இருந்ததைத்தான் பலரும் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் நெசவு, மென்மை என்று காரணம் வந்தது. இடத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "வலது ஓரத்தில் இருந்ததாலோ?" என்று நேரடியாகக் கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள். புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் விரித்ததை எடுத்துக்கொண்டு, "கரை நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணம் கேட்டால் காரணம் தயாரித்துக் கொடுப்பது மனத்தின் வேலை. "ஏன் அந்த இளைஞரிடம் கத்தினேன்" என்று இரவு பதினொரு மணிக்கு நீங்கள் கேட்டால், உங்கள் மனமும் நெசவு, மென்மை என்று ஏதாவது எடுத்துக் கொடுத்துவிடும்.

உறுதியாகத் தெரிந்த இன்னொன்று, "எனக்கு ஏன் இப்படி" என்று திரும்பத் திரும்ப அசைபோடுவது மனச்சோர்வை வளர்க்கிறது என்பது. சூசன் நோலன் ஹோக்ஸிமா என்ற ஆய்வாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்குச் செலவிட்டார். 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், மனம் வாடும்போது என்ன செய்வார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் அவர் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். அசைபோடும் பழக்கம் உள்ளவர்கள் என்று அப்போதே தெரியவந்தவர்கள்தான், நிலநடுக்கம் முடிந்து ஏழு வாரம் ஆன பிறகும் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். சம்பவத்துக்கு முன்பே எடுத்த குறிப்பு என்பதால்தான் இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். சோர்ந்துபோனவரிடம் பிறகு கேட்டிருந்தால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படவைத்த இடமும் இதுதான். ஒன்பது மாதமாக ஒரே கேள்வி, ஒரே பதில், குறையும் தூக்கம். இது அசைபோடுதல். நோட்டில் எழுதிவிட்டால் மட்டும் அது ஆராய்ச்சி ஆகிவிடாது.

மூன்றாவது உறுதியான விஷயம், முடிவு தெரிந்த பிறகு எல்லாம் முன்பே தெரிந்திருந்ததாகத் தோன்றும் என்பது. 1975இல் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 1814ஆம் ஆண்டு பிரிட்டிஷாருக்கும் நேபாளத்துக் கூர்க்கர்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிய ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவிடம் பிரிட்டிஷார் வென்றார்கள் என்றார், இன்னொன்றிடம் கூர்க்கர்கள் வென்றார்கள் என்றார், வேறொன்றிடம் முடிவையே சொல்லவில்லை. எந்த முடிவைச் சொன்னாரோ அதுதான் நடக்க வாய்ப்பிருந்தது என்று அந்தந்தக் குழுவுக்குத் தோன்றியது. இளம் மருத்துவர்களை இந்த வியாதி வாட்டி எடுத்துவிடும். ஒரு தாய் இறந்த மறுநாள், "அந்தத் தலைவலியைச் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்" என்று உடைந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அதே வாரம் தலைவலி என்று சொன்ன மற்ற முப்பது பேர் நலமாக வீட்டுக்குப் போனது அவர்கள் கண்ணில் படாது.

இவ்வளவு ஓட்டையான கருவியை வைத்துக்கொண்டு எப்படித்தான் தன்னைச் சோதிப்பது? என் துறை கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். அது ஒன்றும் உயர்ந்த ஞானம் இல்லை, அடிபட்டு வந்தது. பிரசவத்தில் தாய் இறந்தால் அதை விசாரித்துப் பதிவு செய்யும் முறை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் நடந்துவருகிறது. தமிழ்நாட்டில் 1990களிலேயே தாய்மரண ஆய்வு தொடங்கிவிட்டது. 2010இல் மத்திய அரசு நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாங்கள் அதை 'ஆடிட்' என்போம். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் கூட்டத்தில் மருத்துவர், செவிலியர், கிராம சுகாதாரச் செவிலியர் எல்லோரும் இருப்பார்கள். இறந்த பெண்ணின் கணவரோ தாயோ வந்து சொல்வதையும் கேட்கவேண்டும். அந்த அறையில் யாரும் "நீ ஏன் அலட்சியமாக இருந்தாய்" என்று தொடங்குவதில்லை. தொடங்கினால் கூட்டம் அங்கேயே செத்துவிடும். கேட்கப்படுவது எல்லாம் மணிக்கணக்கு. வலி எப்போது வந்தது, எப்போது வீட்டிலிருந்து கிளம்பினார்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், ரத்தம் கேட்டது எப்போது, கிடைத்தது எப்போது. தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் வகுத்துக்கொடுத்த மூன்று தாமதங்கள் இன்றும் எங்களுக்கு மனப்பாடம்: போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

இந்தக் கேள்விகளின் அழகை உணர எனக்குப் பல வருடம் ஆயிற்று. "ஏன்" என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். "எப்போது", "எவ்வளவு", "யார் பக்கத்தில் இருந்தார்கள்" என்று கேட்டால் கதைக்கு இடம் குறைவு. ஏன் என்பது தானாகவே கடைசியில் வந்து உட்காரும். பல தடவை அது நாங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. ஒரு கூட்டத்தில் ஒரு மாமியார், "பணம் இல்லாமல் இல்லை டாக்டர், மகன் வெளியூரில் இருந்தான், அவன் போன் எடுக்கும்வரை நான் எப்படி முடிவெடுப்பேன்" என்றார். எங்கள் அறிக்கையில் அதுவரை 'விழிப்புணர்வு இன்மை' என்று எழுதியிருந்தோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வழிகாட்டுதலில் பெயர் சொல்லாதே, பழி போடாதே என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் சில கூட்டங்கள் நீதிமன்றமாகிவிடும். யாரையாவது எழுப்பி நிறுத்தித் திட்டுவார்கள். அப்படிப்பட்ட கூட்டம் ஒன்று நடந்தால் போதும், அடுத்த மாதம் எல்லாக் கேஸ் ஷீட்டும் பளிச்சென்று இருக்கும். நேரங்கள் எல்லாம் ஐந்தின் மடங்கில், அழைத்த நிமிடமே மருத்துவர் வந்ததாக. பயந்தவர் உண்மையை எழுதமாட்டார். உங்கள் தலைக்குள் நடக்கும் கூட்டத்துக்கும் இது பொருந்தும். நீங்கள் தினமும் உங்களை நிற்கவைத்துத் திட்டினால், உங்கள் நினைவும் கேஸ் ஷீட்டைத் திருத்தக் கற்றுக்கொள்ளும்.

ரத்தத்தைத் துணியோடு எடைபோட்ட அந்தச் சிஸ்டரின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் போனால் அது ஆபத்தின் தொடக்கம் என்பது எங்கள் பாடம். ஆனால் ரத்தப்போக்கு அதிகமாக ஆக ஆகக் கண் அதைக் குறைத்தே மதிப்பிடும். அனுபவசாலியின் கண்ணும் அப்படித்தான். 2023இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள். பாதி இடங்களில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டினால் செய்யவேண்டிய சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒருசேரத் தொடங்கினார்கள். பை உள்ள இடங்களில் அதிகப் போக்கு 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணை நம்பிய இடங்களில் 51 சதவீதம். அந்தச் செவிலியர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் இல்லை, அக்கறை இல்லாதவர்களும் இல்லை. கண்ணுக்கு அந்த வேலை முடியாது, அவ்வளவுதான். என் 600 மில்லியும் அப்படி வந்ததுதான். அக்கறையைக் கூட்டிக்கொண்டு இன்னும் உற்றுப் பார்த்திருந்தாலும் 1,400 தெரிந்திருக்காது. தராசு வேண்டியிருந்தது.

எர்னஸ்ட் காட்மன் என்ற பாஸ்டன் அறுவைச் சிகிச்சை மருத்துவரைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்து, சிகிச்சை பலித்ததா, இல்லையென்றால் ஏன் என்று பதியவேண்டும் என்பது அவர் பிடிவாதம். சக மருத்துவர்கள் கேட்கவில்லை; சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனை வைத்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீட்டுக்குப் போனவர்கள் 337 பேர். அவர் பதிவுசெய்து அச்சிட்ட பிழைகள் 123. தொழில் போட்டி நிறைந்த ஊரில் இதைச் செய்ய எவ்வளவு கிறுக்கு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பிழைகளை வகை பிரித்திருந்தார். அறிவோ கைத்திறனோ போதாதது, முடிவெடுப்பதில் பிசகியது, கவனிப்போ கருவியோ குறைந்தது, நோயைத் தவறாகக் கணித்தது. இவற்றோடு, யார் கையிலும் இல்லாத விபரீதங்கள் என்று தனியாக ஒரு வகையும் வைத்தார். உங்கள் இரண்டு நோட்டிலும் அந்தக் கடைசிக் கட்டம் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். எல்லாமே 'என் குணம்' என்ற ஒரே கட்டத்தில் விழுந்திருக்கும்.

இனி சந்தேகமானவை. எழுதுவதால் மனபாரம் குறையும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 1980களில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த ஆய்வுகளில், வேதனையான ஓர் அனுபவத்தைச் சில நாள், தினம் கால் மணி நேரம் எழுதியவர்களுக்கு நன்மை தெரிந்தது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அந்த நன்மை சிறியதாகத்தான் நின்றது. கவனியுங்கள், சில நாட்கள். ஒன்பது மாதம் அல்ல. அதேபோல், நடந்ததை "நான்" என்று நினைக்காமல், யாரோ ஒருவருக்கு நடந்ததாகத் தள்ளிநின்று பார்த்தால் கொதிப்பு அடங்குகிறது என்று ஆய்வுக்கூடங்களில் காட்டியிருக்கிறார்கள். கொதிப்பு அடங்குவது வேறு, குணம் மாறுவது வேறு. முதலாவதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டாவதையும் வாக்களிப்பவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

இருந்தாலும் தள்ளிநின்று பார்ப்பது எனக்கு உதவியிருக்கிறது. "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு" என்ற குறள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பள்ளியில் அதை அறிவுரையாக மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது புறங்கூறாமை அதிகாரத்தில் கடைசியாக வரும் குறள் என்று பிற்பாடு கவனித்தபோதுதான் சிரிப்பு வந்தது. அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசும்போது நமக்கு எவ்வளவு கூர்மையான கண்! யார், எங்கே, எத்தனை மணிக்கு, கையில் என்ன வைத்திருந்தார், யாரைப் பார்த்து என்ன சொன்னார் எல்லாம் அட்சரம் பிசகாமல் வரும். "அவருடைய ஆழ்மனத்தில் என்ன ஏக்கமோ" என்று யாரும் புறம் பேசுவதில்லை. அந்தக் கண்ணைத்தான் தன் பக்கம் திருப்பச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் இப்படிச் சொல்லவில்லை. இது பிரசவ அறையில் நின்று படித்தவளின் உரை. ரோமாபுரியின் தத்துவஞானி செனெகாவும் இரவில் விளக்கை எடுத்துப் போன பின், மனைவி பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாளைப் பரிசீலிப்பாராம். அவர் தனக்குச் சொல்லிக்கொள்வது, இனி இதைச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்பது. அந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் டைரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு நோட்டையும் கிழிக்கவேண்டாம், அலமாரியில் வைத்துவிடுங்கள். இரவு எழுதுவதை நிறுத்துங்கள். களைத்த மூளை மோசமான நீதிபதி. அதற்குப் பதிலாகப் பையில் வைக்கிற மாதிரி சின்ன நோட்டு ஒன்று போதும். ஒரே ஒரு விஷயம்: அலுவலகத்தில் குரல் உயர்ந்த தருணம். அம்மாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவர் உங்களை விட்டு எங்கும் போகமாட்டார். குரல் உயர்ந்த உடனே, அல்லது அடுத்த அரை மணிக்குள், மணி எத்தனை, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அதற்கு முந்தைய கால் மணியில் என்ன நடந்தது, நீங்கள் சொன்ன வாக்கியம் என்ன என்று எழுதுங்கள். வாக்கியத்தை அப்படியே எழுதவேண்டும். "கடுமையாகப் பேசினேன்" என்பது 600 மில்லி. "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்றேன்" என்பது 1,400 கிராம். காரணம் எழுதாதீர்கள், வருத்தமும் எழுதாதீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றுமே தெரியாமல் போகலாம். மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு முந்தைய அரை மணியில்தான் பாதிக்கு மேல் நடக்கிறது என்றும் தெரியலாம். அப்படித் தெரிந்தால் நீங்கள் மாற்றவேண்டியது அந்த அரை மணியை, உங்கள் பிறவிக்குணத்தை அல்ல.

முடிவெடுக்கும் விஷயங்களில் இன்னொன்றும் செய்யலாம். ஒருவரைப் பற்றி, ஒரு வேலையைப் பற்றி என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை முன்கூட்டியே ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள். நடந்த பிறகு ஒப்பிடும்போது, "எனக்கு அப்போதே தெரியும்" என்று மனம் சொன்னால் நோட்டைக் காட்டலாம்.

அந்த இளைஞரிடமே கேட்கலாமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கேளுங்கள். ஆனால் "நான் கடுமையானவனா" என்று கேட்காதீர்கள். அவர் வேலை உங்கள் கையில் இருக்கிறது, இல்லை சார் என்றுதான் சொல்வார். "நேற்றுக் கூட்டத்தில் நான் சொன்னதில் எந்த வாக்கியம் தேவையில்லாதது" என்று குறிப்பாகக் கேளுங்கள். முதல் தடவை பதில் வராது. மூன்றாவது தடவை வரலாம். வந்தால் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொன்னால் நான்காவது தடவை கிடையாது.

தூக்கத்தைப் பற்றி மட்டும் மருத்துவராகவே சொல்கிறேன். எழுதுவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை என்றால், காலையில் எழவே மனமில்லை என்றால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனச்சோர்வு உள்ளவருக்குத் தன்மேல் குற்றம் காண்பதே நோயின் அறிகுறி. அதைச் சுயபரிசோதனை என்று நினைத்து வளர்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எழுத்தை மட்டும் வைத்து உங்களுக்கு அது இருக்கிறதா என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

கீழே வேலை செய்பவர்கள் உண்மையைச் சொல்வார்களா என்ற பேச்சு வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தச் சிஸ்டர் பணி ஓய்வு பெற்ற நாளில் விருந்துக்குப் போயிருந்தேன். வாழை இலையில் பாயசம் வந்துகொண்டிருக்கும்போது அந்த இரவைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "உங்கள் குறிப்புதான் என்னைத் திருத்தியது சிஸ்டர்" என்றேன். அவர் சற்று நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "2.10 இல்லை மேடம், 2.05. உங்களுக்குப் பிரச்சினை வரக்கூடாதே என்று ஐந்து நிமிடம் தள்ளி எழுதினேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய டைரியை இறக்கி, அந்தத் தேதிக்குக் கீழே பிற்பாடு நான் எழுதிச் சேர்த்திருந்த 25ஐ அடித்துவிட்டு 30 என்று எழுதினேன்.